பட்டியில் ஒரு பெரட்டு

2024 டிசம்பர் 19, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். 5.10க்குப் பாலில்லாத சாயத்தண்ணி. 6.30க்குப் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்கு வந்தவர்களைப் பிரித்தேன். பெண்கள் ஏழாம் நம்பர் மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்க, ஆண்கள் மூன்றாம் நம்பர் மலைக்குச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட. கணக்கப்பிள்ளையாக இருபத்தாறு வருடங்கள் செய்கிற வேலை. ஆளைப் பார்த்ததும் அனுப்பிவிடுவேன், தவறியதில்லை.

அன்றைய நாட்குறிப்பில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: "மாடு, சினை 281ஆம் நாள். ஒரு நாள் தாமதம்."

மாடு என் மனைவியுடையது. முன்பு மூன்று முறை ஈன்றது, மூன்றும் காளை. காளைக் கன்றுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது. கொஞ்சம் வளர்ந்ததும் இறைச்சிக்கு லொறியில் ஏற்றிவிடுவோம். ஏற்றிய பிறகு அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். கடைசியில் அவளே சொன்னாள்: "இந்தத் தடவையும் காளைன்னா மாட்டையும் சேத்தே குடுத்துருவோங்க. இன்னொன்ன என்னால ஏத்திவிட முடியாது." வாங்குவதற்குப் பூண்டுலோயாவில் ஒருவர் தயாராக இருந்தார்.

அதனால்தான் மார்ச் மாதம் சினை ஊசி போடுகிறவரிடம், பெட்டைக் கன்றுக்கென்றே பிரித்த விந்து வேண்டும் என்று கேட்டோம். புகை கக்கும் குளிர்க் குடுவையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். உள்ளே ஊசியைப் போல மெலிந்த ஒரு குழல்.

"இத எப்படிங்க பிரிக்கிறாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சாயம் கலந்து, ஒண்ணொண்ணா வரிசையில விட்டு லைட் அடிப்பாங்க அக்கா. பெட்டைக் கன்னு குடுக்கிறது கொஞ்சம் கூடுதலா மின்னும். அத ஒரு பக்கம், மத்தத ஒரு பக்கம் மெஷினே தள்ளிவிடும்."

"அப்ப அங்கயும் பெரட்டு நடக்குதுன்னு சொல்லுங்க! எங்க வீட்டு ஐயா மாதிரி ஒருத்தரு நின்னு பிரிக்கிறாரு."

"ஆமா, ஆனா மெஷினுக்கும் பத்துல ஒண்ணு தவறும்" என்றார் அவர்.

"எங்க ஐயாவுக்குத் தவறாது" என்றாள் அவள்.

அந்தப் பத்தில் ஒன்றை 281 நாளும் சுமந்தோம்.

அன்று மாலை 4.10க்கு மாடு ஈன்றது. பட்டிக்குள் பனிமூட்டம் புகுந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஈரக் கன்றின் வயிற்றுக்கு அடியில் ஏதோ தொங்கியது. நிமிர்ந்து, பெரட்டுக் களத்துக் குரலிலேயே, "காளை" என்றேன். சட்டைப் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து மையால் எழுதியும்விட்டேன்: "4.20. காளை."

அவள் சாக்கை எடுத்துக் கன்றைத் துடைக்க உட்கார்ந்தாள். "பூண்டுலோயாக்காரருக்குப் போன் போட்டுருங்க" என்று மட்டும் சொன்னாள்.

போனைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஐயா! கணக்கப்பிள்ளை ஐயா! கொஞ்சம் வாங்க. இந்த ஆள எந்த மலைக்கு அனுப்பப் போறீங்க, கொழுந்துக்கா, கவ்வாத்துக்கா?"

ஒரு கையால் கன்றின் வாலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். நான் பார்த்தது தொப்புள்கொடி. வாலுக்கு அடியில் பெட்டைக்குரிய அடையாளம் தெளிவாக இருந்தது. பின்னங்கால்களுக்கு நடுவே பட்டாணி அளவில் காம்புகள். எண்ணினேன், நான்கு. மறுபடி எண்ணினேன், நான்கேதான்.

"மெஷினு சரியாத்தான் பிரிச்சிருக்கு" என்றாள். "இருபத்தாறு வருச சர்வீசுதான் தவறிப்போச்சு!"

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காக எழுத முடியவில்லை. சாணியில் வழுக்கி உட்கார்ந்தேன். எழும்பக் கை கொடுத்தவளும் சிரிப்பில் பக்கத்திலேயே விழுந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து லய வீட்டுக் கங்காணி, "ஐயா, யாருக்கு என்னா ஆச்சு?" என்று பதறினார். "கெடேரி! கெடேரி!" என்று இருவரும் ஒன்றாகக் கத்தினோம். மாடு மட்டும் நிதானமாகக் கன்றை நக்கிக்கொண்டிருந்தது.

அன்று நாட்குறிப்பைத் திருத்த முயன்றேன். சிரிப்பில் கோடு நேராக வராது என்று மூடிவைத்தேன்.

மறுநாள் காலை 4.50க்கு எழுந்ததும் முதல் வேலையாக, சாயத்தண்ணிக்கும் முன்னால், அடிமட்டத்தை வைத்து "காளை"யின் மேல் ஒரே கோடு இழுத்தேன். பக்கத்தில் "கிடாரி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதன் கீழே சாட்சிக் கையெழுத்தை அவள் போட்டாள்.