டோரிஸ் ஆன்டியின் மூக்கு

"ஆ சொல்லு."

வேன் கதவைப் பாதி திறந்து, அந்த இடைவெளியில் மூக்கை நீட்டுகிறார் டோரிஸ் ஆன்டி. காலை ஆறு இருபது. என் மகள் வாணி வாயைத் திறக்கிறாள். ஒரே ஒரு முகர்வு. "சரி, ஏறு."

கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குப் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர் அவர். எங்கள் வாசல்தான் முதல் நிறுத்தம். எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகலாம், எது வீட்டில் படுக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் முடிவு செய்வதாக நான் நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். டாக்டர் தரும் எம்.சி. விடுப்புச் சீட்டெல்லாம் அப்புறம்தான். முதல் தீர்ப்பு வேன் கதவில்.

சட்டம் எளிது. "மூக்கு தண்ணியா ஒழுகினா ஏறலாம். பச்சையா ஒழுகினா எறங்கலாம். வாந்தியா? ரெண்டு நாளைக்கு என் கண்ணுல படக்கூடாது." திங்கட்கிழமை வயிற்றுவலிக்குத் தனிச் சோதனை உண்டு. "இன்னிக்கு கேன்டீன்ல நாசி லெமாக்காம்" என்பார். கண் மின்னினால் போச்சு. வயிற்றுவலி தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வயது ஐம்பத்தெட்டு. வலது கைக்கு மட்டும் வெயிலுறை. கண்ணாடியில் ஜெபமாலை, அதற்குக் கீழே வாந்தி எடுப்பவர்களுக்கான பிளாஸ்டிக் பைகள். "பதினோரு வருஷம் லா! ஒரு நாள் லீவு போட்டிருப்பேனா?" என்று மாதம் இருமுறையாவது கேட்பார். கணவர் கிரிகரிக்கும் வேன் லைசென்ஸ் இருக்கிறது. சாவியை மட்டும் கொடுத்ததே இல்லை. "அவரு பிரேக் போட்டா புள்ளைங்க பல்லு கொட்டிரும்."

போன மாதம் ஒரு நாள் வாணிக்குக் காய்ச்சல். மேருவில் தொழிற்சாலை வேலை எனக்கு, லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, அதன் ஸ்ட்ராபெரி வாசத்தை மறைக்க ஸ்ட்ராபெரி ஜாம் தடவிய ரொட்டியையும் ஊட்டினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆன்டி முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார்.

"யுகேன், இது ஜாம். சரி. அதுக்குக் கீழ என்னா?"

"ஜாம்தான் ஆன்டி."

"பத்து மணிக்கு மருந்து எறங்கும். புள்ள மேசையில சாயும். டீச்சர் எனக்குப் போன் போடுவாங்க. நாளைக்கு மிச்சம் பதிமூணும் இருமும். கூட்டிட்டுப் போ லா."

வேன் போய்விட்டது. எனக்கு அவமானம், வாணிக்குக் கொண்டாட்டம்.

நேற்று வேன் வந்து நின்றபோது உள்ளே ஒரு தோட்டமே இருந்தது. முன்கண்ணாடி ஓரத்திலும் சீட்டுகளுக்கடியிலும் கட்டுக் கட்டாகப் பாண்டான் இலை. ஆன்டி முகக்கவசம் போட்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"வாசத்துக்கு லா" என்றார். குரல் பழைய லோரி மாதிரி கரகரத்தது. 'ஆ' சொல்லச் சொல்லவே இல்லை.

வாணி ஏறவில்லை. கதவுக்குள் மூக்கை நீட்டினாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள்.

"ஆன்டி, இது பாண்டான். சரி. அதுக்குக் கீழ தைலம்."

"வயசானா எல்லாரும் தடவுறதுதான், ஏறு."

"நாளைக்குப் பதினாலும் இருமும்" என்றாள் வாணி, கையைக் கட்டிக்கொண்டு.

எனக்கே ஆன்டியைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. பதினோரு வருஷம்! ஏதாவது சொல்லிக் காப்பாற்றலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் ஒரு தும்மல், ஜெபமாலை ஆடியது.

ஆன்டி போனை எடுத்தார். "கிரிகரி, எழுந்து மோட்டார்ல வாங்க. வாணி வீட்டுக்கு. பிரேக்கை மெல்லப் போடணும், கேட்டுச்சா?"

வெயிலுறையைக் கழற்றினார். சாவியை உருவி, கிரிகரிக்கென்று என்னிடம் கொடுத்தார். பிறகு பிளாஸ்டிக் பைகளில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, வேனைவிட்டு இறங்கித் தள்ளி நின்றார்.