ஒற்றைக் கோட்டுக்கு ஒரு சுவர்

ஓவியக் கலரியில் வேலை செய்தால் முதலில் நோவெடுப்பது தாடைதான்; நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருக்கவும் வேண்டும், வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்கவும் வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நின்று சீவிக்கிற உங்களுக்கு இது விளங்கும். நீங்கள் மீன் விற்றாலும் மூக்குக்கண்ணாடி விற்றாலும் நாங்கள் ஒரே கூட்டம்தான். நான் நிற்பது கோப்பன்ஹேகனில் ஒரு சின்னக் கலரியில். போன இலையுதிர்காலத்தில் அங்கே பல பேருடைய கோட்டோவியங்களையும் அச்சோவியங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தோம். அதில் பட்டதைத்தான் சொல்கிறேன். டேனிஷில் பேசினவர்களை எங்கட தமிழில் பேச வைத்திருக்கிறேன். அவர்கள் சொன்ன விசர்க்கதையில் நான் கை வைக்கவில்லை.

சுவர்ச் சண்டை

படம் மாட்டுகிற நாளில் எல்லா ஓவியர்களுக்கும் வாசலைப் பார்த்த பெரிய சுவர்தான் வேண்டும். இந்த முறை அதைப் பிடித்தவர் மோர்டன். பெரிய பெயர் எடுத்த ஆள். அவருடைய படம் கதவளவு வெள்ளைக் கடதாசி. அதில் மேலிருந்து கீழாக ஒரு பென்சில் கோடு. அவ்வளவுதான். பக்கத்தில் வேறு படம் இருந்தால் அது "சத்தம் போடும்" என்று சொல்லி முழுச் சுவரையும் எடுத்துக்கொண்டார்.

சுமதி அக்காவுக்கு இது முதல் கண்காட்சி. அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கிறா, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. வேலை முடிந்த பிறகு ஒரு பொது அச்சுக்கூடத்தில் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் போட்டு, மை பூசி அச்செடுப்பா. எல்லாம் உள்ளங்கை அளவுப் படங்கள். எல்லாவற்றிலும் அந்த இல்லத்து ஆட்கள்தான்: ஒருவர் சப்பாத்து நூலோடு மல்லுக்கட்டுகிறார், இன்னொருவர் மாத்திரையை ஒருவருக்கும் தெரியாமல் துப்புகிறார். எங்கள் இயக்குநர் பிர்கிட்ட அவற்றைக் கழிவறைக்குப் போகிற ஒடுங்கின வழியில் மாட்டச் சொன்னா. இது நியாயமா என்று கேட்டேன். பிர்கிட்ட என் தோளில் கை வைத்து விளக்கினா: "வாணி, மற்றப் படங்களைப் பாக்காமலும் ஆக்கள் போகலாம். கழிவறைக்கு எல்லாரும் போகத்தான் வேணும்."

விளக்கக் குறிப்பு

அடுத்தது படத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுகிற குறிப்பு. சுமதி அக்காவின் படங்களில் ஒன்று எல்லன் என்ற மூதாட்டியுடையது. கட்டிலிலிருந்து ஆளைத் தூக்குகிற இயந்திரத்தின் பட்டியில் தொங்கிக்கொண்டு, ஊர்வலம் போகிற ராணி மாதிரிக் கையசைக்கிறா. பிர்கிட்ட அதற்கு முன்னால் நின்று கண் கலங்கினா.

"கட்டித் தொங்கவிட்ட உடல். சித்திரவதை. உன்ர நாட்டில நடந்தது" என்றா.

"இல்லை, இது எல்லன். குளிக்கப் போறா" என்றா சுமதி அக்கா. "தன்னைப் படமாக் கீறச் சொல்லிக் கேட்டதே அவதான்."

"ஆனா நீ யாழ்ப்பாணம்தானே?"

"ஓம். கைக்குழந்தையா வந்தனான். எனக்கு ஞாபகம் இருக்கிறது இந்த ஊர்ப் பனிதான்."

பிர்கிட்டவின் முகம் விழுந்துபோனது. குறிப்புக்கு ஏற்கெனவே வசனம் எழுதி வைத்திருந்திருக்கிறா. கடைக்காரனிடம் பேரம் பேசுகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்டா: "யோசிச்சுப் பார் சுமதி, ஒரு சின்னப் போராவது இல்லையா?"

இல்லாமை

திறப்பு நாளன்று நல்ல மழை. மோர்டன் கடைசி நேரத்தில் ஒரு சட்டம் போட்டார்: அவருடைய கோட்டுக்கு முன்னால் சப்பாத்தோடு நிற்கக் கூடாது, வெறுமை கலைந்துவிடுமாம். வந்த சனம் எல்லாம் ஈரச் சப்பாத்துகளை வாசலில் குவித்துவிட்டு, ஒரு கையில் வைனும் காலில் ஓட்டைக் காலுறையுமாகக் கோட்டைப் பார்த்து "ஸ்பெனன" என்றது. இந்த டேனிஷ் சொல்லுக்கு, ஆர்வத்தைத் தூண்டுகிறது என்று அகராதி சொல்லும். ஒன்றும் விளங்கவில்லை, இன்னும் கொஞ்சம் வைன் தாருங்கள் என்பதுதான் பொருள்.

போகிற நேரத்தில் ஒரு அம்மாவின் புதுச் சப்பாத்தைக் காணவில்லை. ஆரோ மாறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் குனிந்து குவியலைக் கிளறிக்கொண்டிருக்க, மோர்டன் பக்கத்தில் வந்து, இல்லாமை என்பதுதான் தன் படத்தின் கருப்பொருள், இந்த அனுபவம் தற்செயல் இல்லை என்று அவவுக்கு விளக்கத் தொடங்கினார். அம்மா கை காட்டி நிறுத்தினா: "இல்லாமையைப் பற்றிப் பிறகு கதைப்பம். என்ர சப்பாத்து எங்க?"

ஒட்டின எழுத்து

அதே திறப்பு நாளில்தான் சுமதி அக்கா குறிப்பைப் பார்த்தா. "போரின் தழும்புகளைச் சுமக்கும் உடல்கள்" என்று பிர்கிட்ட தான் நினைத்ததையே ஒட்டிவிட்டா. ஆட்கள் முதலில் அதை வாசித்தார்கள், பிறகு சுமதி அக்காவைப் பார்த்துத் தலையைச் சரித்தார்கள். எல்லனின் கையசைப்பை ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவர் அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்பே கேட்டார், எதற்கென்று தெரியவில்லை. அக்கா என்னைக் கழிவறைக் கதவடிக்குக் கூட்டிக்கொண்டு போனா. "ஞாயிற்றுக்கிழமை வந்து பார் எண்டு எல்லனுக்குச் சொல்லிப்போட்டன். இல்லாட்டி வாணி, ஆணியோட கழட்டிக்கொண்டு போயிருப்பன்."

விமரிசகர்

கலை விமரிசனம் எழுதுகிறவர் ஒருவர் வந்தார். சைக்கிளைப் பூட்டக்கூட இல்லை. தலைக்கவசத்தோடு கவுண்டருக்கு வந்து பத்திரிகைகளுக்கென்று நாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்பை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். உள்ளே போய்ப் பாருங்கள் என்றேன். பதறிப்போய்ச் சொன்னார்: "வேண்டாம், பாத்தால் எழுதுறது கஷ்டமாப் போயிடும்."

எங்கட ஆக்கள்

எங்கட ஆக்கள் மட்டும் குறைந்தவர்களா? ஹ்விடோவ்ரேயிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கத் தலைவர் பொன்னாடையோடு வந்தார். சுமதி அக்காவின் வழியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை, படம் எடுக்க வெளிச்சமும் இல்லை. அதனால் அக்காவைக் கூட்டிப்போய் மோர்டனின் கோட்டுக்கு முன்னால் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார். முகநூலில் அந்தக் கோடுதான் ஈழத்தமிழ்ப் பெண்ணின் சாதனையாகச் சுற்றுகிறது.

போகும்போது, கடமைக்குக் கழிவறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கறுப்பு மையில் அத்தனை படங்களையும் கண்டு மனம் இரங்கிக் கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு பிள்ளை. கலர் அடிக்க நேரம் கிடைக்கேல்லையோ?"

எல்லன்

ஞாயிற்றுக்கிழமை எல்லன் வந்தா. சக்கர நாற்காலியில், முத்துமாலை போட்டு, உதட்டுச் சாயம் பூசி. மகள் தள்ளிக்கொண்டு வந்தா. நாற்காலி அந்த வழியில் மட்டுமட்டாகத்தான் நுழைந்தது. நுழைந்த பிறகு ஒருவரும் கழிவறைக்குப் போக முடியாது. பின்னால் வரிசை நீண்டது. பிர்கிட்டவும் அவ கூட்டிவந்த சில பெரிய மனிதர்களும் அதில் மாட்டுப்பட்டார்கள்.

எல்லன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தோடு முகம் முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தா. "மூக்குக் கொஞ்சம் பெரிசு. ஆனா நான்தான்" என்றா. சுமதி அக்கா பக்கத்தில் குந்தியிருந்து அவவின் கையைப் பிடித்துக்கொண்டா. அந்த நேரம் மகள் சுவர்க் குறிப்பைச் சத்தமாக வாசித்துவிட்டுத் திரும்பினா. "அம்மா வாழ்நாள் முழுக்கத் தபால் கந்தோரிலதான் வேலை செய்தவ. எந்தப் போருக்குப் போனவ?"

கேள்வி வரிசையில் ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போய்ப் பிர்கிட்டவிடம் நின்றது. பிர்கிட்ட சிவந்துபோய், ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்து, தன் நகத்தாலேயே எழுத்துகளைச் சுரண்டத் தொடங்கினா. நல்ல பசை, லேசில் வரவில்லை. நான் உதவிக்குப் போகவில்லை. அன்றையிலிருந்து கண்காட்சி முடியுமட்டும் அந்த இடத்தில் மிஞ்சியிருந்தது சுமதி அக்காவின் பெயர் மட்டும்தான். பிர்கிட்ட சுரண்டச் சுரண்ட, அவசரத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர் நாற்காலியை மெல்ல ஒதுக்கப் பார்த்தார். எல்லன் திரும்பாமலே சொன்னா: "தள்ளாதேங்கோ, நான் இன்னும் என்னைப் பாத்து முடிக்கேல்லை."

ஆக, அந்தக் கண்காட்சியில் படங்களைப் பற்றிக் கதைக்க எல்லாருக்கும் நேரம் இருந்தது. பார்க்கத்தான் தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வரவேண்டியிருந்தது.