மாமியார் முகம்

மகள் குசினிக்குள் வந்து கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அம்மா, இஞ்சை பாருங்கோ, அச்சொட்டாப் பெரியம்மா!" பார்த்தேன். தலை நரைத்த ஒரு பழைய நடிகை, மடியில் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். "எனக்கு யாரையும் திட்டக்கூடத் தெரியாதுங்க" என்று சிரித்தார். இடப்பக்க உதடு மட்டும் கொஞ்சம் மேலே ஏறுகிற அதே சிரிப்பு. அடுப்பில் பாரைக்குழம்பு அடிப்பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் கரையில் அந்த நாளில் தியேட்டர் ஆம்பிளைகளுக்குத்தான். பெண்டுகளுக்குப் படம் தள்ளுவண்டியில் வரும். ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, முதல்நன்மைச் சடங்கோ கலியாணமோ முடிந்த வீட்டு முற்றத்தில் போடுவார்கள். இன்றைக்கும் மண்ணெண்ணெய்ப் புகை மணத்தால், எங்கேயோ படம் போடப்போகிறார்கள் என்றுதான் என் மூளைக்குப் படும். பாய்க்கு நடுவில் கழுதை வந்து நின்றாலும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டோம். மறைக்காமல் நின்றால் சரி.

எல்லாரும் கதாநாயகிக்காக அழுவார்கள். எனக்கென்றால் கதாநாயகிகளைக் கண்ணில் காட்டக்கூடாது. மை கலையாமல் அழுகிறவளை எப்படி நம்புவது? நான் விழுந்தது மாமியாராக வந்த இந்த நடிகையிடம். ஒரு படத்தில், பசியோடு இருக்கிற மருமகளுக்குச் சோற்றைப் போடுவார். அவள் கை வைக்கிற நேரம் பார்த்துச் சோற்றுக்கோப்பையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் சிரிப்பார். அம்மாடி! அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், கத்தி நடிக்கிற ஒருத்தியையும் அதற்குப்பிறகு எனக்குப் பிடிக்கவில்லை. சீரியலில் மூக்கை விடைத்துக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் ரீவியை நூர்த்துவிடுவேன்.

பக்கத்து வளவு ஞானம்மா மாமி அந்தக் காட்சிக்கு மண்ணை அள்ளித் திரையில் எறிந்தார். "அறுந்துபோவாள், நீ நல்லாயிருப்பியோ!" படம் முடிந்து எல்லாரும் எழும்பும்போது அவருடைய கண் என் அக்கா ரெஜினாவில் விழுந்தது. "எடி, இவளெல்லோ அவள்!" முற்றமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அதுதான் பிசகு. உதடு ஏறிவிட்டது.

அடுத்த கிழமை முழு ஊருக்கும் அவள் மாமியார். சின்னதுகள் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டுவிட்டு ஓடும். கிணற்றடியில் ஒருத்தி, அக்கா ஆசையாகத் தூக்கிய தன் பிள்ளையைப் பறித்துக்கொண்டு போனாள். பகிடிக்குத்தானாம். பகிடியாம் பகிடி!

அந்த நேரம்தான் தாழ்வுபாடு ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மடுமாதா கோயில் திருவிழாவில் அக்கா கண்ட பெடியன். அவனில் அவளுக்குச் சரியான விருப்பம். அவன் பேரைச் சொல்லாமல், "அந்த ஆக்கள் எப்ப வருவினம்?" என்று நாளுக்குப் பத்துத்தரம் கேட்பாள். வந்தார்கள். தேத்தண்ணியைக் கொடுத்து, பெடியனின் தாயைப் பார்த்து மனம் நிறையச் சிரித்தாள். அந்த மனுசி கோப்பையை அப்படியே கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பினார். எங்கள் பக்கத்துக்கு ஓடிய அதே படக் கொப்பிதான் அவர்கள் பக்கத்துக்கும் ஓடியிருக்கிறது.

கிடுகுவேலிக்கு அப்பால் அவர் தரகரிடம் சொன்னது எங்களுக்கு நன்றாகவே கேட்டது. "பிள்ளை நல்ல பிள்ளைதான். சிரிக்கேக்க எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. உந்தச் சிரிப்பை ஒவ்வொரு நாளும் வீட்டுக்கை பாக்கேலாது." பெடியன் தாயைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். பேட்டியில் வந்த மனுசி சோற்றைத்தான் இழுத்தார், அதுவும் நடிப்புக்கு. இந்தத் தாய் என் அக்காவின் வாழ்க்கையையே இழுத்துக்கொண்டு போனார்.

சினிமாப் பண்டிதை நான் சும்மா இருப்பேனா? கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, தலையைக் குனி, பல்லை மூடு, மேல்கண்ணால் பார் என்று, எனக்கே பிடிக்காத கதாநாயகிச் சிரிப்பைப் பழக்கினேன். அடுத்து வந்தவர்கள் "பிள்ளைக்குப் பல்லுக்குத்தோ?" என்று கேட்டார்கள். அதற்கடுத்து வந்தவர்களுக்கு அக்கா சிரிக்கவேயில்லை. திமிர் பிடித்தவளாம். அதோடு சம்பந்தம் வருவதும் நின்றது, அவள் சிரிப்பதும் நின்றது.

இப்போது டெக்கும் இல்லை, தள்ளுவண்டியும் இல்லை. அந்தப் படத்தின் பேர்கூட ஊரில் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. போன மாதம் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், புதுப்பெண் ஞானம்மா மாமியிடம் இரகசியமாகக் கேட்டாள்: "ரெஜினா அன்ரி ஏன் கலியாணம் செய்யேல்லை? வடிவாத்தானே இருக்கிறா."

மாமிக்கு இரகசியம் பேசத் தெரியாது. "அவள் ஒருநாளும் சிரிக்காளடி பிள்ளை. அப்பிடிப்பட்டவளை ஆர் கட்டுவினம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்தாள்.

"மாமி சொல்லுறது சரிதானே" என்றாள். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள்.