அப்பா முகம் பாராதவள்

சோர்கா பிறப்பதற்கு முன்பே அவள் அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அப்பன் முகம் பாராத பிள்ளையின் மூச்சுக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு. அயர்லாந்தின் மேயோ கடற்கரையில் எந்தக் கைக்குழந்தைக்கு நாக்கில் வெள்ளை படர்ந்தாலும் அவளிடம்தான் தூக்கிவருவார்கள். மூன்று காலை, வெறும் வயிற்றோடு, குழந்தையின் வாயில் ஊதுவாள். அந்த மூச்சு சில்லென்றிருக்கும். அது அவள் அப்பனுடையது என்பார்கள். அக்கா ஊனா மறுத்ததில்லை; அவளுக்குத் தங்கையைப் பற்றி அவ்வளவு பெருமை.

ஒரு வசந்தத்தில் பெக் கவிகனின் குழந்தைக்கு இரண்டு காலை ஊதியும் பால் இறங்கவில்லை. சாயங்காலம், ஸ்காட்லாந்திலிருந்து திரும்பிய ஃபெலிம் மாமா ஒரு புகைப்படத்தோடு வந்தார்.

"உங்கப்பன்டி, ஊனா. அங்க கிழங்கு தோண்ட வந்தப்ப எடுத்தது."

"உள்ள கொண்டாராதீங்க மாமா! சோர்கா பாத்துட்டா எல்லாம் போச்சு."

"நல்லா இருக்குடி! பெத்தவன் சொந்த வீட்டுக்குள்ள வரவும் உன் உத்தரவு வேணுமா?"

ஊனா அதைப் பிடுங்கித் தங்கைக்கு முதுகு காட்டி நின்று பார்த்தாள். வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ சோர்கா, அப்படியே உன் முகம்!"

கணப்பில் கரிமண் கட்டியை வைக்கப்போன சோர்காவின் கை அப்படியே நின்றது.

"அப்ப இத்தன வருஷமா கண்ணாடியில நான் அவரத்தான் பாத்திருக்கேனாக்கா?"

ஊனா புகைப்படத்தை நெருப்பில் போட்டாள். கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். வாளித் தண்ணீரைத் துணியால் மூடினாள். ஜன்னலில் இருட்டு ஏறுவதற்குள் திரையை இழுத்துவிட்டாள்.

காலையில் பெக் வந்தாள். குழந்தைக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"பலிக்குமான்னு தெரியலக்கா," என்றாள் சோர்கா.

"பேசாம ஊதுடி. நான் தலையப் பிடிச்சுக்கிறேன்."

சோர்கா கண்களை இறுக மூடிக்கொண்டு ஊதினாள். குளிர் ஊனாவின் மணிக்கட்டு வரை ஏறியது. குளிர்காலக் கடலில் கை விட்டதுபோல் இருந்தது. குழந்தை வீறிட்டது. பிறகு முட்டி முட்டித் தாயின் மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

பெக் அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவும் தங்கையும் சிரிக்கவில்லை.

கண்ணாடி மறுபடி திரும்பவே இல்லை. தினமும் தங்கைக்கு ஊனாதான் தலைவாரிவிட்டாள். வருஷங்கள் கழிந்து ஒரு காலையில், சீப்பு காதோரம் சற்றே தயங்கியபோது, சோர்கா மெல்லக் கேட்டாள்:

"அவருக்கு நரைக்க ஆரம்பிச்சிடுச்சாக்கா?"