ஊதா மையில் ஒரு ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் ஆண்டவருக்கு நன்றி சொல்ல ஓர் உறை உண்டு. கோவில் வாசலில், பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் மேசையின் ஓரத்தில் கட்டாக இருக்கும். மேலே 'ஸ்தோத்திரக் காணிக்கை' என்று அச்சடித்து, கீழே பெயருக்கு ஒரு கோடும் காரணத்துக்கு இரண்டு கோடும் விட்டிருப்பார்கள். பிறந்தநாள், பரீட்சையில் சித்தியடைந்தது, சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது, மகனுக்கு விசா கிடைத்தது என்று மனிதர்களுக்கு நேரும் எல்லா நன்மையும் அந்த இரண்டு கோட்டுக்குள் அடங்கிவிடும். போதகர் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார். திருமண நாளுக்கு மட்டும் தனி மரியாதை. கணவனும் மனைவியும் முன்னால் போய் முழங்காலிடுவார்கள், போதகர் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார், சபையார் கைதட்டுவார்கள். முதல் நாள் வீட்டில் சாமான் சட்டி பறக்கச் சண்டை பிடித்தவர்களும் அந்தக் காலையில் பட்டு உடுத்தி அழகாக முழங்காலிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில் எங்கள் வீடு. அம்மாவின் தம்பி, என் மாமா, கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. ஞாயிறு பாடசாலையில் எங்களுக்கு ஆசிரியர். அதோடு சபையின் செயலாளரும் அவர்தான். கூட்டக் குறிப்பு எழுத அவரை விட்டால் ஆளில்லை என்பார்கள். யார் எதைப் பேசினாலும், அது எவ்வளவு அபத்தமாக இருந்தாலும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைப்பார்.

அதே வீட்டில் அவரோடு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை. அவரும் எங்கள் சபைக்குத்தான் வருவார், கடைசி வரிசையில் உட்காருவார். வீட்டில் அவரை 'மாமாவோட கூட்டாளி' என்பார்கள், நான் அங்கிள் என்பேன். வாடகையை மிச்சம் பிடிக்கத்தான் இரண்டு பேரும் சேர்ந்து இருக்கிறார்கள் என்று, யாரும் கேட்காதபோதும் அம்மா எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் சபையின் தலைமையகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பற்றி நாட்டில் பேச்சு நடக்கிறது, வெளிநாட்டுச் சபைகள் சிலவற்றில் அவர்களுக்குத் திருமண ஆசீர்வாதமும் கொடுக்கிறார்கள், ஆகவே ஒவ்வொரு சபையும் கூடிப் பேசித் தன் கருத்தை எழுதியனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. நான்கு புதன்கிழமை வேதப்பாடத்தை அதற்கென்றே ஒதுக்கினார்கள். தலைப்பு, 'தேவ அன்பும் பரிசுத்தமும்'. பிள்ளைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. மண்டபத்தின் நடுவே இருந்த பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்யும்படி எங்களை விட்டிருந்தார்கள். பலகைக்கு மேலே இரண்டு அடி திறந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

எல்லோருமே ஆண்டவருடைய அன்பில்தான் தொடங்கினார்கள். அடுத்த வாக்கியத்தில் 'ஆனால்' வந்துவிடும். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் அரைமணி நேரம் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசினார். தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும் ஓர் அம்மாள் மட்டும், "பெத்த புள்ள அப்புடி வந்து நின்னா நாம வெட்டியா போட்டுருவோம்?" என்று கேட்டார். அப்புறம் என் அம்மாவின் குரல் கேட்டது. "ஆண்டவரு அன்பானவருதாங்க, யாரு இல்லன்னா? அதுக்காக அவரோட பரிசுத்தத்த நாம தள்ளுபடி விலைக்கு விக்க முடியுமா?" எல்லோரும் ஆமோதித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தேன். தன் அக்கா சொன்னதை மாமா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அன்பு பெரிதா பரிசுத்தம் பெரிதா என்று மாமாவிடமே கேட்டேன். அவர் தன் கண்ணாடியைக் கழற்றி ஒரு கண்ணை மூடிக்காட்டினார். "ஒத்தக் கண்ணால பாத்தாலும் படிக்கட்டு தெரியும் பாப்பா. எத்தன அடி ஆழம்னுதான் தெரியாது. இறங்கும்போது விழுந்துருவோம். ரெண்டு கண்ணும் வேணும்." நான் தலையாட்டினேன். அந்தப் புதன்கிழமைப் பேச்சில் அடிபட்ட 'அப்படிப்பட்டவர்கள்' கொழும்பிலோ லண்டனிலோ இருப்பவர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

நான்காவது புதன் முடிந்த சனிக்கிழமை அம்மாவுக்கு எங்கேயோ போக வேண்டியிருந்ததால் என்னை மாமா வீட்டில் விட்டார். மேசையில் ஒரு ரிப்பன் கேக் இருந்தது. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டேன்.

"பொறந்தநாள் இல்ல. நாங்க இந்த வீட்டுக்கு வந்து இன்னைக்குப் பத்து வருஷம்" என்றார் மாமா.

"ஓம், பத்து வருசமா உங்கட மாமாவோட மாரடிக்கிறன்" என்றார் அங்கிள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். கேக்கை வெட்டுமுன் மாமா கண்ணை மூடி ஜெபித்தார். பத்து வருடத்துக்காகவும் அங்கிளுக்காகவும் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். நான் கண்ணைத் திறந்து பார்த்தபோது அங்கிளின் கண் கலங்கியிருந்தது. நன்றி சொல்ல வேண்டியிருந்தால் ஏன் கோவிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போடவில்லை என்று கேட்டேன்.

"அதெல்லாம் கலியாணம் கட்டின ஆக்கள் போடுறது குஞ்சு" என்றார் அங்கிள்.

மாமா கேக்கில் கத்தியை இறக்கினார். "போடணும்தான்" என்று மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மாமாவை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்பினால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். பாதி அன்பு, மீதி என் எழுத்தைப் போதகர் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்ற ஆசை. அன்று மாலை வீட்டில், அம்மா கொண்டுவந்து வைத்திருந்த உறை ஒன்றை எடுத்தேன். போன மாதம் அப்பாவும் அம்மாவும் போட்ட காணிக்கையில் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். பெயர்களை மாற்றினேன், வருடத்தை மாற்றினேன். 'இணைந்த வாழ்வில் பத்து ஆண்டுகள் காத்து நடத்திய தேவனுக்கு ஸ்தோத்திரம்.' மாமா வாங்கித் தந்த ஊதா ஜெல் பேனாவால், கோட்டை விட்டு ஓர் எழுத்தும் இறங்காமல் எழுதினேன்.

மறுநாள் காலை உறையைக் காணிக்கைப் பைக்குள் போட்டேன். அன்று ஆராதனை முடிந்ததும் தலைமையகத்துக்கு அனுப்பும் முடிவை மாமா வாசிப்பதாக இருந்தது. கோவில் நிறைந்திருந்தது. மாமா முன்வரிசையில் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். போதகர் உறைகளை எடுத்தார். இரண்டு பிறந்தநாள், ஒரு கார், ஒரு சாதாரண தரப் பரீட்சை. பிறகு மாமாவின் பெயரை வாசித்தார். அடுத்து அங்கிளின் பெயர். வருடக்கணக்கில் வாசித்து வாசித்துப் பழகிய வாய், நிற்க முடியாமல், "இணைந்த வாழ்வில் பத்து ஆண்டுகள்" வரைக்கும் போய்விட்டது. பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று பேர் கைதட்டவும் தொடங்கினார்கள். பிறகு அதுவும் நின்றது.

அதிபர் எழுந்தார். "என்ன பகிடி இது? பரிசுத்த ஸ்தலத்துல யாரு இப்படி விளையாடுறது?"

போதகர் உறையை உயர்த்திப் பிடித்தார். "இத எழுதினது யாரு?"

ஊதா மை கடைசி வரிசை வரை தெரிந்திருக்கும். உருண்டை உருண்டையான எழுத்து. அது ஒரு பிள்ளையின் எழுத்து என்று அங்கே இருந்த யாருக்கும் விளங்கியிருக்க வேண்டும், விளங்கிக்கொள்ள ஒருவருக்கும் விருப்பமில்லை. அம்மாவின் கை என் முழங்காலின் மேல் வந்து அழுத்தியது. அந்தக் கையின் மேல் பழியைப் போட இன்றைக்கும் எனக்கு ஆசை. ஆனால் அது அவ்வளவு பாரமான கை அல்ல. எழுந்திருக்க நினைத்திருந்தால் எழுந்திருக்கலாம். 'நான்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், சின்னப் பிள்ளை அறியாமல் எழுதிவிட்டது என்று எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த உறைக்குப் போயிருப்பார்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

நிமிர்ந்தபோது மாமா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பிறகு எழுந்தார்.

"நான்தாங்க ஐயா எழுதினேன்."

போதகர் நல்ல மனிதர். மாமாவுக்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தார். "தம்பி, ரெண்டு பேரும் அந்த வாடகை வீட்டுக்கு வந்து பத்து வருஷம் ஆச்சு, அதுக்குப் போட்ட காணிக்கை. அப்புடித்தானே?"

ஆமாம் என்றால் முடிந்துவிடும். கோவில் முழுக்க அந்த ஆமாமுக்குக் காத்திருந்தது.

"இல்லைங்க ஐயா" என்றார் மாமா. "எழுதியிருக்கிறபடிதான்."

கடைசி வரிசையில் அங்கிளும் எழுந்து நின்றார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கோவிலின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பேரும் நின்றார்கள். முன்னால் வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. போதகர் என் உறையைக் கட்டின் அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். யாருக்கோ கண்ணில் வெள்ளை படர்ந்ததை வெட்டி எடுத்ததற்கான ஸ்தோத்திரம் அது. வாசித்தார். ஆமென் என்றோம்.

ஆராதனை முடிந்ததும் மாமா குறிப்புப் புத்தகத்தை மேசையில் வைத்து, பேனாவை அதன் மேல் வைத்துவிட்டு, அங்கிளோடு வெளியே போனார். சபையின் முடிவை அதிபர் வாசித்தார். இரண்டு வாரத்தில் எங்களுக்கு வேறொரு ஞாயிறு பாடசாலை ஆசிரியர் வந்தார். சில மாதங்களில் மாமாவும் அங்கிளும் நாவலப்பிட்டிக்குக் குடிபோனார்கள். என் புத்தகப்பையிலிருந்து ஊதா பேனா காணாமல் போயிருந்தது. அதைப் பற்றி அம்மா என்னிடம் கேட்டதில்லை, நானும் அம்மாவிடம் கேட்டதில்லை.

போன வருடம் என் கல்யாணம் அதே கோவிலில் நடந்தது. மாமாவும் அங்கிளும் கோவிலுக்கு வரவில்லை. மண்டபத்துக்கு மட்டும் வந்து, ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் கூறைச் சேலையோடு போய் அவர்கள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன். போதகர் என் தலையில் கை வைத்த இடம் இன்னும் சூடாக இருப்பதுபோல் ஒரு கூச்சம். "மாமா, அந்த உறைய…" என்று தொடங்கினேன்.

"அழகா எழுதியிருந்த பாப்பா" என்றார் மாமா. "ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல."

அங்கிள் என் தட்டில் ஒரு துண்டு கேக்கை வைத்தார். வெட்கத்தில் அதை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எனக்கு உண்மையில் வெட்கமாக இருப்பது நான் கோவிலில் வாய் திறக்காததைப் பற்றி மட்டுமல்ல. அந்த ஞாயிறு மாலை எங்கள் வீட்டில் வழக்கம்போல் குடும்ப ஜெபம் நடந்தது. ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். அப்பா ஏதோ இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டார். அம்மா வேதப்புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். என் முறை வந்தது. காலையிலிருந்து மனதை அரித்துக்கொண்டிருந்த ஒரே விஷயத்தை ஆண்டவரிடம் சொன்னேன்.

"ஆண்டவரே, மாமா இன்னைக்குக் கோவில்ல பொய் சொல்லிட்டாரு. அவர மன்னிச்சுக்குங்க."

அம்மா ஆமென் என்றார். மாமாவுக்காக என் கடமையைச் செய்துவிட்ட திருப்தியில் அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.