கழுதைகள் நக்கிய வேலி

எங்கள் தெருவின் கடைசி வீடு அகஸ்ரினா அக்காவினுடையது. அதற்கு அப்பால் மன்னாரின் பழைய குப்பைமேடு. இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பிவந்த வருடமே அக்கா அந்தப் பக்கத்து யன்னலை ஆணி வைத்து அடித்துவிட்டார். இல்லையென்றால் கோப்பையில் சோறு எது, மொய்க்கிற இலையான் எது என்று பிரித்தறியப் பெரிய படிப்பு வேண்டும். தெருவில் என்னைப் போல எட்டாம் வகுப்போடு நின்றவர்கள்தான் அதிகம்.

போன வருடம் மேட்டை மூடினார்கள். மேலே செம்மண் பரப்பி, உள்ளே கிடக்கும் வாயு வெளியேறக் குழாய்கள் நட்டு, இனி இது பூங்கா என்றார்கள். கன்று பராமரிக்கும் வேலை அக்காவுக்குக் கிடைத்தது. நித்தியகல்யாணி, செவ்வரத்தை, கொன்றை என்று ஒவ்வொன்றோடும் கதைத்துக் கதைத்துத் தண்ணீர் ஊற்றினார். பூங்கா திறக்கிற அன்று தன் யன்னலையும் திறப்பதாகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்தார்.

செய்தி கழுதைகளுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. மன்னார்த் தீவில் கட்டாக்காலியாய்த் திரியும் கழுதைகளுக்கு அந்த மேடு பரம்பரைச் சாப்பாட்டுக்கடை. வந்தன. குப்பையைக் காணாமல் கன்றுகளைத் தின்றன. அக்கா மறுபடி நட்டார். மறுபடியும் தின்றன. கூட்டத்தின் தலைவருக்கு நான் பிரின்சிபல் என்று பேர் வைத்திருந்தேன். நடையும் பார்வையும் அப்படியே.

பூங்கா வேலைக்குப் பொறுப்பான வஸீர் சேர் நகரசபைக் கந்தோரிலிருந்து வந்து மொட்டை நிலத்தைப் பார்த்தார்.

"அகஸ்ரினா, திங்கட்கிழமை காலமை திரும்ப வருவன். அப்பவும் கன்று இல்லையெண்டால் என்னால ஒண்டும் ஏலாது. லொறி நிப்பாட்ட இந்த இடத்தைத் தா எண்டு கந்தோரில ஆக்கள் வந்து நிக்கினம்."

அக்கா இன்னொரு தடவை நட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் வங்காலையிலிருந்து அவருடைய தம்பி யோசேப்பு ஒரு ஓட்டோ நிறையப் பழைய மீன்வலைகளோடு வந்து இறங்கினார். தெருவே கூடிப் பனங்கம்புகளில் வலையை இழுத்துக் கட்டியது. மூடிய குப்பைமேடு எழுந்து வந்ததுபோல மணத்தது.

"அண்ணை, ஒருக்கா நல்ல தண்ணியில அலசிப்போட்டுக் கொண்டுவந்திருக்கலாம்" என்றேன்.

மீனைக் குளிப்பாட்டச் சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வலையை ஆரடா நல்ல தண்ணியில கழுவுறது? குடிக்கவே தண்ணி இல்லை."

அவர்கள் ஊரில் வலையைக் கடலிலேயே அலசி மணலில் காயப்போடுவார்கள். முடிச்சுக்கு முடிச்சு உப்பு வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

திங்கள் விடிய, தெருவே வேலியடிக்கு ஓடியது. தீவில் உள்ள கழுதையெல்லாம் வலை நீளத்துக்கு வரிசையில் நின்று நக்கிக்கொண்டிருந்தன. நடுவில் பிரின்சிபல், கண்ணை மூடி, ஐஸ்பழம் கிடைத்த பிள்ளையைப் போல. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மறந்து நின்றார்கள்.

வஸீர் சேரின் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. அக்கா தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு எதிரே போனார்.

"என்ன அகஸ்ரினா, கழுதையளுக்கு உப்புக்கடை போட்டிருக்கிறியள்?"

"கடையை விடுங்கோ சேர். உள்ளுக்கு வந்து கன்றுகளைப் பாருங்கோ."

பார்த்தார். ஒரு இலை குறையவில்லை. நித்தியகல்யாணி ஒன்று பூக்கவே தொடங்கியிருந்தது.

"சரி, இண்டைக்கு நக்குதுகள். உப்புத் தீர்ந்தால்?"

"வலையைக் கடலுக்கை தோய்ச்சுத் திரும்பக் கட்டுவன். கடல் தீர்ந்தால் சொல்லுங்கோ, லொறியை விடுவம்."

சேர் சிரித்த சிரிப்பில் பிரின்சிபலே கண் திறந்து பார்த்தார்.

"சனிக்கிழமை திறப்பம்" என்றார் சேர்.

சனிக்கிழமை வரைக்கும் அக்காவால் பொறுக்க முடியவில்லை. அந்தத் திங்கள் பின்னேரமே சுத்தியலோடு என்னைக் கூப்பிட்டார். துருப்பிடித்த ஆணிகள் பலகையையும் பிய்த்துக்கொண்டு வந்தன. யன்னல் திறந்தது. ஈரமண் வாசமும் கொஞ்சம் மீன் வாசமும் காற்றோடு வந்தன. அவற்றுக்குப் பின்னால், வேலிக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்ற பிரின்சிபலின் தலையும் உள்ளே வந்தது.

நான் தடியைத் தூக்கினேன்.

"விடடா. இவ்வளவு காலமும் பக்கத்து வீட்டுக்காரர். இண்டைக்குத்தானே முகம் பாக்கிறம்."

சொல்லிவிட்டு அக்கா குசினிக்குள் போய் உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்தார்.