ரப்பர் தோலுக்குள் அர்ச்சுனன்

வாலை மடியில் போட்டுக்கொண்டு எட்டாவது இட்லியைப் பிய்க்கிறார் அர்ச்சுனன். டைனோசர் உடையின் தலை பக்கத்துப் பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது, தனக்கும் ஒன்று கேட்கிற மாதிரி.

"ஏங்க, நாளையிலேர்ந்து அண்டாவுலதான் கொண்டாரணும் போல" என்கிறார் மனைவி மலர்கொடி, காலித் தூக்கைக் கவிழ்த்துக் காட்டி.

"வளர்ற ஒடம்பு, மலரு. பதினஞ்சு வயசுல இதுக்கு டெய்லி ரெண்டு கிலோ ஏறுமாம். டிவில போட்டான்."

"அதுக்குப் பதினஞ்சு. ஒங்களுக்கு அம்பத்திரெண்டு."

அர்ச்சுனன் மரக்காணம் உப்பளத்துக்காரர். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் ஏரியாகிவிடும். அப்போது கடற்கரைச் சாலைப் பூங்காவில் இந்த மிருகத்துக்குள் புகுந்து பிழைப்பார். உள்ளே இருக்கிற வெக்கையில் ஒரு மூட்டை நெல் அவிக்கலாம். டைனோசரின் நடை மட்டும் பாத்திக் களிமண்ணை மிதித்து இறுக்குகிற அதே தப், தப். மூக்கில் ஒரு தூறல் பட்டால் போதும், அவர் கால் தானாக உப்புக் குவியலை மூட ஓடும். தாலி கட்டிய கையோடு மணமேடையிலிருந்து குதித்து ஓடி, மாலையும் கழுத்துமாகத் தார்ப்பாய் இழுத்தவர். மலர்கொடி தனியாகத்தான் அக்கினியைச் சுற்றினார். இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டாமல் ஒரு குழம்பு கொதித்ததில்லை.

பூங்கா முதலாளி சிவஞானத்துக்கு மனக்குறை. பிள்ளைகள் பயப்படாமல் வாலில் சறுக்கு விளையாடுகின்றன.

"அர்ச்சுனா, தொரத்தி ஓடுப்பா. ஞாயித்துக்கெழம கூட்டம் அலறலன்னா, குயிலாப்பாளையம் மோகனுக்கு ட்ரெஸ்ஸ மாட்டிடுவேன். வயசுப் பையன், ஓடுவான்."

"குட்டிதாங்க ஓடும். ஒல்லிக் காலு, சின்ன எர. பெருத்துட்டா யான கணக்கா வெயிட்டு. ஓடி விழுந்தா எந்திரிக்குமா? மறைஞ்சி நின்னு ஒரே கடி. எலும்பு முறுக்கு மாரி நொறுங்கிடும்."

உண்மையில் முழங்கால் வலி. டிவி அவர் பக்கம் பேசியது அதிர்ஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை தாழம்புதர் ஓரம் மறைந்து நின்றார். அசையவே இல்லை. மண்டையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, கூடு கட்ட இடம் அளந்தது. புதுச்சேரியிலிருந்து வந்த கீதாஞ்சலி என்ற பெண், சிலை என்று நினைத்து அந்தக் குட்டைக் கையில் தன் கைப்பையை மாட்டிவிட்டு செல்ஃபி எடுத்தாள். இதுதான் சமயம் என்று அர்ச்சுனன் வாயைத் திறக்கும் கயிற்றை இழுத்தார். சிக்கிக்கொண்டது.

"செம க்யூட்ல?" என்றது இரை.

தூரத்தில் சிவஞானம் மோகனுக்குப் போன் போட்டார்.

அந்த நேரம் பார்த்து, மூக்கு ஓட்டை வழியே ஒரு மழைத்துளி உள்ளே விழுந்தது.

முழங்கால் மறந்தது, டிவி மறந்தது. கைப்பை ஆட ஆட டைனோசர் பாய்ந்தது. பாய்ந்த குலுக்கலில் கயிறு விடுபட்டு வாயும் பிளந்தது. கீதாஞ்சலி போட்ட அலறலில் பொம்மையார்பாளையத்து நாய்களெல்லாம் எழுந்திருக்கும். கூட்டம் நாலாபக்கமும் சிதறியது. சிவஞானம் போனோடு டிக்கெட் மேஜைக்கு அடியில் புகுந்தார்.

"மோகனு, நீ வராத! ஆளு இருக்குது! ஐயோ, இந்தப் பக்கம் வருதுடா!"

டைனோசர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஊஞ்சல் பக்கம் கொட்டியிருந்த வெள்ளை மணல் குவியலுக்குப் போனது. கை எட்டாததால், மேஜைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாயை வழியிலேயே வாயால் பிடுங்கிவந்து குவியலைப் போர்த்தியது. ஒரு முனை மட்டும் காற்றில் படபடத்தது. பாரம் வைக்கச் செங்கல் தேடியது, இல்லை. கைப்பையை அந்த முனைமேல் நழுவவிட்டு, காலைத் தூக்கி, தப்பென்று ஒரு மிதி மிதித்தது.